இருபத்து மூன்று கிலோமீட்டர்

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கேம்ப் ரோடு சிக்னலில் நிற்கும்போது என் காரின் முகப்பில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. குழாயையும் நத்தையையும் சேர்த்து ஒட்டியது போல ஒரு படம். அதுதான் இன்ஜின் படமாம். பின்னால் பஸ்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். பச்சை விழுந்து எவ்வளவு நேரமாயிற்றோ. வண்டியை எடுத்தேன். இரண்டு குலுக்கு குலுக்கிவிட்டுத்தான் நகர்ந்தது. குலுக்கலைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அது என் கால் செய்யும் தவறு என்று என் கணவர் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் இருபத்து நான்கு வருடமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். வீடு மாடம்பாக்கத்தில். அத்தனை வருடமும் ஷேர் ஆட்டோவில் இடுங்கி உட்கார்ந்து, சுரங்கப்பாதையில் இறங்கி ஏறி, விடைத்தாள் கட்டோடு போய் வந்தேன். நாற்பத்தொன்பதாவது வயதில் ஒரு நாள் போதும் என்று தோன்றிவிட்டது. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். "டீச்சர், ஸ்டியரிங்கைப் பிரம்பு மாதிரி பிடிக்காதீங்க, அது உங்களை ஒண்ணும் பண்ணாது" என்று பயிற்சி கொடுத்தவர் சிரிப்பார். ஆறு வாரத்தில் லைசென்ஸ் வாங்கினேன். இந்த வயதில் இது எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் அந்த அட்டையை எடுத்துக் காட்டியிருக்கிறேன். எனக்குக் கொஞ்சம் வாய் அதிகம்தான்.

கார் வந்தது அக்காவிடமிருந்து. அக்கா என்று நான் சொல்வது எங்கள் சர்ச் சபையின் பாடகர் குழுவில் இருப்பவரை. என்னைவிட ஆறு வயது மூத்தவர், பெருங்களத்தூரில் இருக்கிறார். இருபத்திரண்டு வருடமாகக் குழுவில் அவருக்கு இடப் பக்கம் நான். ஒரே பாட்டுப் புத்தகத்தை இருவரும் பிடித்துக்கொள்வோம், என்னுடையது பையைவிட்டு வெளியே வராது. எனக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாற்பது நாளும் மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தவர் அவர். அவருடைய வீட்டுக்காரர் இறந்தபோது அந்த வீட்டில் ஒரு வாரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டவள் நான். சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பதற்கு எனக்கு இந்த ஊரில் ஒரே ஒரு வாசல்தான் இருந்தது. அதை நான் எப்படி என் கையாலேயே சாத்திக்கொண்டேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

கார் அவர் வீட்டுக்காரருடையது. அவர் போனபின் இரண்டு வருடமாகப் பெரும்பாலும் போர்வைக்குள்தான் நின்றது. வெளியூரில் வேலை பார்க்கும் மகன் வரும்போது மட்டும் எடுப்பான். நான் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று தெரிந்ததும் அக்காவே கேட்டார்.

"வெளியாளுக்குக் குடுக்க மனசு வரலை. நீ எடுத்துக்கிறியா?"

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கினால் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும் என்பது என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். எங்களுக்கும் தெரியும். ஆனால் சபை ஆளிடம் வாங்கும்போது யாரும் அப்படிச் செய்வதில்லை. அது விருந்துக்குப் போன வீட்டில் சோற்றை மோந்து பார்ப்பது போல. பீரோவோ பால் மாடோ பெண்ணோ, சபைக்குள் என்றால் வாய்வார்த்தைதான். அதுவும் அக்கா. நான் பானெட்டைத் திறக்கச் சொல்லக்கூட இல்லை.

வண்டியை எடுக்கப் போனது ஒரு வியாழக்கிழமை. எனக்குக் காலாண்டு விடைத்தாள் மலையாகக் கிடந்தது. அதனால் என் கணவர் மட்டும் போனார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சபையில் அவர் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகளை வாசிப்பவர். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது என்று பெயர். யாரிடமும் சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததில்லை. வீட்டில் சத்தமெல்லாம் என்னுடையதுதான். அன்று மாலை வண்டியை ஓட்டி வந்து வாசலில் நிறுத்தினார். இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட டெலிவரி நோட்டைக் கொடுத்தார். தேதி, மணி, ஓடிய கிலோமீட்டர் எல்லாம் அதில் இருந்தது. அறுபத்தோராயிரத்து முந்நூற்று நாற்பது. எண் என்றால் எழுதி வைத்துக்கொள்ளும் கை எனக்கு. என் பாடக்குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதி, கீழே கோடு போட்டேன்.

ஆனால் வண்டியில் நான் ஏறவில்லை. எங்களில் புது வண்டி வாங்கினால், பழைய வண்டி என்றாலும் நமக்கு அது புதுசுதானே, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோவில் வளாகத்தில் நிறுத்திப் போதகரை ஜெபிக்கச் சொல்வோம். அவர் பானெட்டில் கை வைத்து ஜெபிப்பார். அப்புறம் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பி, "நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டு சாவியைக் கொடுப்பார். கதவைச் சுற்றிச் சபையே நின்று எட்டிப் பார்க்கும். அதற்கு முன் நான் அதில் உட்காரமாட்டேன் என்று நானேதான் பிடிவாதமாகச் சொன்னேன். வெள்ளி, சனி இரண்டு நாளும் சன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. சனிக்கிழமை மத்தியானம் என் கணவர் வாட்டர் வாஷுக்கு எடுத்துக்கொண்டு போய் மூன்று மணி நேரம் கழித்து வந்தார். "ஒரே கூட்டம்" என்றார். வண்டி பளபளவென்று இருந்தது. எனக்காக இவ்வளவு நேரம் நின்றாரே என்று அன்றைக்கு மீன் குழம்பு வைத்தேன்.

ஞாயிறன்று போதகர் சாவியைத் திருப்பினார். விளக்குகள் எல்லாம் ஒரு தரம் எரிந்து ஒவ்வொன்றாக அணைந்தன. "நல்லா இருக்கே" என்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் வீட்டுக்காரர் நினைவு வந்திருக்கும் என்று நினைத்து நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் முதல் முறையாக ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன்.

அன்றிலிருந்து குலுக்கல். எப்போதும் இல்லை. ஏசி போட்டு சிக்னலில் நின்று கிளம்பும்போதும், மேம்பாலத்தில் ஏறும்போதும் வண்டி விக்கல் எடுப்பது போல இரண்டு மூன்று முறை இழுக்கும். என் கணவர் பக்கத்தில் இருந்தால் உடனே சொல்வார்.

"கிளட்ச்சை மெதுவா விடும்மா. அவசரப்படறே."

நான் மெதுவாக விட்டேன். இன்னும் மெதுவாக விட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மாடம்பாக்கம் சிவன் கோவில் பக்கம் ஆளில்லாத தெருவாகப் பார்த்து, முதல் கியரில் எடுத்து நிறுத்தி, எடுத்து நிறுத்தி, முட்டி வலிக்கும்வரை பழகினேன். நாலு முறை நன்றாகப் போகும், ஐந்தாவது முறை இழுக்கும். "பரவாயில்லை, பழகிடும்" என்பார் அவர், சின்னப் பிள்ளையைத் தேற்றுவது போல. இருபத்து நான்கு வருடமாகப் பிள்ளைகளிடம் தப்பு எங்கே என்று தேடச் சொல்லிக்கொடுப்பவள், தப்பு என் காலில்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். ஒரு நாள் பள்ளி வாசலிலேயே குலுங்கி நின்றது. பிளஸ் டூ பையன்கள் சிரித்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதேன்.

விளக்கு எரிந்த அன்று, வந்ததும் வராததுமாக அவரிடம் சொன்னேன். முகம் ஒரு நொடி வெளுத்தது. எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

"பெட்ரோல் மூடி சரியா மூடலைன்னா அந்த லைட் வருமாம்" என்றார். வெளியே போய் மூடியைத் திருகிவிட்டு வந்தார். மறுநாளும் எரிந்தது. "ரெண்டு நாள் ஓடினா தானா போயிடும்." மூன்றாம் நாளும் எரிந்தது. "சென்சார் எல்லாம் தப்புத் தப்பாக் காட்டும். நான் பாத்துக்கறேன், நீ விடு." மூன்று நாளும் மூன்று காரணம் சொன்ன மனிதர் நாலாம் நாளும் பார்த்துக்கொள்வதாகவே இருந்தார். சனிக்கிழமை அவருக்கு அரை நாள் ஆபீஸ். அவர் வருவதற்குள் நானே வண்டியை எடுத்துக்கொண்டு கேம்ப் ரோடு பக்கம் இருக்கும் ஒரு ஷெட்டுக்குப் போனேன்.

ஷெட்டில் நாலு வண்டிகள் வயிற்றைத் திறந்துகொண்டு நின்றன. மெக்கானிக் என் வயதுக்காரர்தான். கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம், செக் லைட்டா? பாத்தா ஒண்ணும் தெரியாது. மிசின் போட்டாதான் தெரியும்."

ஸ்டியரிங்குக்குக் கீழே எங்கோ ஒரு ஒயரைச் செருகினார். கையிலிருந்த சின்னப் பெட்டியில் எழுத்துகள் ஓடின.

"மூணாவது சிலிண்டர் மிஸ் அடிக்குது. குலுக்குதா வண்டி?"

"அது என் கிளட்ச்..."

"கிளட்ச்சும் இல்ல, ஒண்ணும் இல்ல. கரெண்ட் குடுக்கற காயில் ஒண்ணு வீக்கா கீது. நாலு சிலிண்டர்ல ஒண்ணு வேலைக்கு வர்றதும் லீவு போடறதுமா கீதுன்னா வண்டி குலுக்காம இன்னா பண்ணும்?"

எனக்குச் சந்தோஷமும் வந்தது, கோபமும் வந்தது. வண்டி வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது, முதலில் இந்த விளக்கே இல்லையே என்றேன். அவர் சிரித்தார்.

"பழைய வண்டிதானே மேடம்? விக்கறவங்க மிசினைப் போட்டு அந்த லைட்டை அழிச்சிட்டுத்தான் குடுப்பாங்க. கொஞ்ச நாள் ஓடினா திரும்பி வரும். இதெல்லாம் வழக்கம்தான். வுட்டுட்டுப் போங்க, மண்டே காயிலை மாத்திப் போட்டுப் பாத்துட்டு சொல்றேன்."

அவர் பொதுவாகச் சொன்னார். நான் அதை அக்காவின் மேல் தூக்கிப் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் என் மனசு கூட்டிக் கழித்துக்கொண்டே வந்தது. விற்றவர் அக்கா. அழிப்பவர்கள் விற்பவர்கள். ஜெபத்தன்று அவர் கண்ணைத் துடைத்தது நினைவு வந்தது. அது குற்றமுள்ள நெஞ்சு என்று இப்போது தோன்றியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார், நானும் பல்லைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன். என் கணவர் வந்ததும் மெக்கானிக் சொன்னதைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டார். "இப்ப எதுவும் பேசாதே. திங்கட்கிழமை பாத்துக்கலாம்" என்றார். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்லவர், பிறரைக் குறை சொல்ல வாய் வரவில்லை என்று நினைத்தேன்.

அன்று மாலை அறுப்பின் பண்டிகைக்காகப் பாட்டுப் பயிற்சி. கார் ஷெட்டில் இருந்ததால் அவர்தான் ஸ்கூட்டரில் கொண்டுவிட்டார். முடியும்போது கூட்டிப்போகவும் வந்துவிட்டார். பயிற்சி முழுக்க நான் என் சொந்தப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு பாடினேன். அக்கா இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். முடிந்ததும், "என்னாச்சு உனக்கு? தலைவலியா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் என்னை உடைத்துவிட்டது. மற்றவர்கள் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே ஆரம்பித்தேன்.

"நல்லா நடிக்கறீங்க அக்கா. இன்ஜின் லைட்டை அழிச்சுட்டு வண்டியைக் குடுத்திருக்கீங்க. நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டீங்க."

அக்கா முதலில் புரியாமல் பார்த்தார். அப்புறம் புரிந்த மாதிரி பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். நான் நிறுத்தவில்லை. அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்ததெல்லாம் இதற்குத்தானா என்றேன். வீட்டுக்காரர் இருந்திருந்தால் இப்படி ஏமாற்ற விட்டிருப்பாரா என்றேன். இதை எழுதவே எனக்குக் கை கூசுகிறது, ஆனால் சொன்னேன். நான் வாயில் வந்ததையெல்லாம் கொட்டும்போது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். என் கண்ணைப் பார்க்கத் துணிச்சல் இல்லை என்று அதையும் சொன்னேன். கடைசியில் அவர் பையை எடுத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல், ரயில் பிடிக்கப் போய்விட்டார். மறுநாள் ஆராதனையில், நாங்கள் ஆல்டோ குரல் பாடும் வரிசையில் எனக்கு வலப் பக்கம் யாரும் இல்லை. காலை எட்டு மணி ஆராதனைக்கே வந்துவிட்டுப் போய்விட்டாராம்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் ஷெட்டுக்குப் போனேன். மெக்கானிக் மூன்றாவது காயிலைக் கழற்றி முதல் இடத்தில் போட்டிருந்தார். தகராறும் கூடவே முதல் சிலிண்டருக்குப் போய்விட்டது. ஆக, கெட்டது காயில்தான் என்று ஐயமறத் தெரிந்துவிட்டது. நல்ல விடைத்தாளைப் பார்ப்பது போல அந்த வேலையைப் பார்த்து ரசித்தேன். ஆனால் அவர் முகத்தில் வேறு ஏதோ இருந்தது.

"ஒரு மேட்டர் மேடம். இது மூணு வாரமா மிஸ் அடிச்சினே ஓடியிருக்குது. எரியாத பெட்ரோலு சைலன்சருக்கு முன்னாடி புகையைச் சுத்தம் பண்ற டப்பாவுல போய் எரிஞ்சிகிது. அதுவும் பூட்ச்சு. மொதல்லயே காயிலை மாத்தியிருந்தா காயிலோட போயிருக்கும்."

"வித்தவங்க மறைச்சுட்டாங்களே, நான் என்ன பண்றது?"

அவர் பெட்டியை என் பக்கம் திருப்பினார்.

"அதான் எனக்கும் டவுட்டு. லைட்டை அழிச்சதுலேர்ந்து எவ்ளோ தூரம் ஓடிச்சுன்னு வண்டியே எண்ணி வெச்சிக்கும். இதோ பாருங்க, நானூத்தித் தொண்ணூத்தொம்பது கிலோமீட்டர். நீங்க வாங்கினப்போ எவ்ளோ இருந்துச்சு?"

பையில் பாடக்குறிப்பு நோட்டு இருந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். டெலிவரி அன்று 61,340. முகப்பில் இப்போது 61,862. கழித்தேன். ஐந்நூற்று இருபத்திரண்டு. வண்டி எங்கள் கைக்கு வந்து ஐந்நூற்று இருபத்திரண்டு கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. விளக்கை அழித்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பதுதான் ஆகிறது. அக்கா சாவியைக் கொடுத்த பிறகு இருபத்து மூன்று கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் யாரோ அதை அழித்திருக்கிறார்கள்.

ஐந்தாம் வகுப்புக் கணக்கு. நான் மூன்று முறை போட்டேன். ஜெபம் முடிந்து நான் முதலில் உட்கார்ந்தபோது இருந்த எண்ணையும் அதே பக்கத்தில் எழுதியிருந்தேன்: 61,380. அதற்கு முன்னாலேயே அழித்தாகிவிட்டது. அந்த மூன்று நாளும் வண்டியைத் தொட்டவர் ஒருவர்தான். பெருங்களத்தூரிலிருந்து வீட்டுக்குப் பத்து. மிச்சம் பதிமூன்று. வீட்டிலிருந்து பதிமூன்று என்றால் பல்லாவரம். தாம்பரத்தில் வாட்டர் வாஷ் இல்லாமலா அவர் பல்லாவரம் போனார்?

"மேடம், தண்ணி குடிக்கறீங்களா?" என்றார் மெக்கானிக்.

அன்று சாயங்காலம் என் கணவர் வந்து ஷூவைக் கழற்றும்போதே நோட்டை அவர் மடியில் வைத்தேன். கணக்கைப் பார்த்தார். மறுக்கவில்லை. அதற்காவது அவரைப் பாராட்ட வேண்டும்.

"அக்கா சொன்னாங்க" என்றார். "லைட் எரியுது, மூணாவது காயில் போயிருக்குன்னு சர்வீஸ்ல சொன்னாங்க, முதல்ல அதை மாத்திட்டு அப்புறம் அவகிட்ட குடுங்கன்னு சொன்னாங்க. எனக்கு மாத்தணும்னுதான் எண்ணம். ஆனா சனிக்கிழமைக்குள்ள சாமான் கிடைக்கலை. ஞாயிற்றுக்கிழமை ஜெபம். போதகர் சாவியைத் திருப்பறார், எல்லாரும் எட்டிப் பாக்கறாங்க, அந்த நேரத்துல மஞ்சளா எரிஞ்சா எப்படி இருக்கும்? செயலாளர் ஓட்டை வண்டியைக் கொண்டாந்து நிறுத்தி ஜெபிக்கச் சொல்றான்னு பேசமாட்டாங்களா? அதான் அன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்னு அழிக்கச் சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் லைட் வரலை. வண்டியும் ஓடிச்சு. தள்ளிப் போட்டுட்டேன்."

ஆண்டவருக்கு முன் நிறுத்தப்போகும் வண்டியை முதலில் பல்லாவரத்துக்குக் கொண்டுபோய்ப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறார். சிரிப்பு வர வேண்டிய விஷயம். எனக்கு வரவில்லை.

"வண்டி குலுங்கறப்போல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே என் கால் மேல சொன்னீங்க. நான் அந்தத் தெருவுல முட்டி வலிக்க வலிக்கப் பழகினேன், நீங்க பக்கத்துல உக்காந்துக்கிட்டுப் பரவாயில்லை பரவாயில்லைன்னீங்க."

மற்றவர்கள் ஏமாற்றினால் பொறுத்துக்கொள்ள எனக்குத் தெரியும். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? இருபத்தாறு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்த மனிதர், நான் ஒன்றுக்கும் ஆகாதவள் என்று நானே நம்பும்படி விட்டுவிட்டு, என் பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அக்காவை நான் அவ்வளவு பேசினேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீ அவ்வளவு பேசுவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அன்று வீட்டில் சத்தமே இல்லை. நான் சத்தம் போடாத நாளை அவர் பார்த்ததில்லை, அதனால் பயந்துபோய்ப் பாத்திரமெல்லாம் அவரே கழுவிவைத்தார்.

மறுநாள் பள்ளியிலிருந்து நேராகத் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய் ரயில் ஏறினேன். பெருங்களத்தூர் அடுத்த ஸ்டேஷன்தான். ஏறினால் உட்காரக்கூட நேரம் இருக்காது. அன்று அது போதவில்லை. என்ன சொல்வது என்று முடிவு செய்வதற்குள் வந்துவிட்டது. மேம்பாலத்துக்குக் கீழே வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கினேன். வாங்கிய பிறகு, வாழைப்பழம் கொடுத்தா இதைச் சரிசெய்யப் போகிறாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

அக்கா கதவைத் திறந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒதுங்கி வழி விட்டார். கூடத்தில் உட்கார்ந்தேன். காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். தனக்கும் ஒரு தம்ளர் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த வீட்டில் நான் சமையலறையைத் தாண்டி வெளியே உட்கார்ந்து காபி குடித்ததில்லை.

நோட்டை எடுத்தேன். அவர் கையை நீட்டித் தடுத்தார். "அதெல்லாம் வேண்டாம். எனக்குத் தெரியும்" என்றார்.

"தப்புப் பண்ணிட்டேன் அக்கா. ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாடியும் நானே எழுந்து சொல்றேன். நீங்க சொல்லித்தான் குடுத்தீங்க, மறைச்சது என் வீட்டுக்காரர்தான்னு பேர் சொல்லிச் சொல்றேன்."

"அது உன் இஷ்டம்."

"நீங்க என்கிட்டயே சொல்லியிருக்கலாமே அக்கா."

"வீட்டுக்காரர்கிட்ட சொன்னா உன்கிட்ட சொன்ன மாதிரின்னு நினைச்சேன். ஜெபம் பண்ணின அன்னைக்கு அவரை மறுபடியும் கேட்டேன். எல்லாம் மாத்தியாச்சுன்னார். என் வீட்டுக்காரர் வண்டி, நல்லபடியா உன் கைக்கு வந்துடுச்சேன்னுதான் எனக்கு அழுகையே வந்துச்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டேன்.

"பாட்டுப் பயிற்சி அன்னைக்கு ஏன் ஒண்ணுமே பேசலை? உன் வீட்டுக்காரரைக் கேளுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கேயே முடிஞ்சிருக்குமே."

அக்கா என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"அவர்தான் கும்பிட்டாரே."

"யாரு?"

"உன் வீட்டுக்காரர்தான். நீ என்னைப் பேசிக்கிட்டு இருக்கறப்போ உன் முதுகுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு. ஹெல்மெட்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, ரெண்டு கையையும் சேர்த்து, சொல்லிடாதீங்க, சொல்லிடாதீங்கன்னு."

அந்தப் பயிற்சிக் கூடம், செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தவர்கள், நான் கையை ஆட்டி ஆட்டிப் பேசியது எல்லாம் மறுபடி கண் முன் வந்தது. "மத்தவங்க யாரும் பாக்கலையா?" என்றேன்.

"எல்லாரும் உன்னையும் என்னையும்தானே பாத்தாங்க."

"எவ்வளவு நேரம் கும்பிட்டார்?" கணக்கு டீச்சர் வாயில் வேறு என்ன வரும்.

"நீ முடிக்கிற வரைக்கும். கையை இறக்கவே இல்லை."

வெளியே ஜிஎஸ்டி ரோட்டில் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. நான் அழுதேன் என்று நினைக்கிறேன். அக்கா எழுந்து வந்து என் தோளைத் தொடவில்லை. அதை எதிர்பார்த்து நான் உட்கார்ந்திருந்தேன் என்பது, தொடவில்லை என்று தெரிந்தபோதுதான் எனக்கே புரிந்தது.

"என் மேல கோவமா அக்கா? அவரை நானே மன்னிக்கப்போறதில்லை. நீங்களும் மன்னிக்க வேண்டாம்."

"அவரை அன்னைக்கே மன்னிச்சுட்டேன்" என்றார் அக்கா. "அவர் எனக்கு யாரு?"

சொல்லிவிட்டு, ஆறிப்போன இரண்டு தம்ளரையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.